கூடுதலாக ஒரு கட்டம்

"உங்க வகுப்புல யாரோ ஒருத்தர் கூடுதலா உட்கார்ந்திருக்காங்க டீச்சர். யாருன்னு பார்த்து இன்னிக்கே வெளியே அனுப்பிடுங்க. பெத்தவங்க காதுக்குப் போச்சுன்னா என் தலைதான் உருளும்."

தலைமையாசிரியர் போனை வைத்துவிட்டார்.

பள்ளிக்கூடத்துக் கூரையைப் பழுதுபார்க்கப் பிரித்துப் போட்டதிலிருந்து ஏழாம் வகுப்பு மொத்தமும் டீச்சரின் மடிக்கணினியில் குடியேறியிருந்தது. தன் வீட்டிலிருந்த போன்களுக்கெல்லாம் லிங்க் அனுப்பிச் சரிபார்த்த பிறகுதான் முதல் வகுப்பையே தொடங்கினாள். பெயரை இஷ்டம்போல் வைத்துக்கொள்ளலாம் என்று வாய்தவறிச் சொல்லிவிட, 'புலிக்குட்டி', 'தூங்குமூஞ்சி', 'அப்பா போன்' என்று ஆளுக்கொன்று முளைத்தது. அந்தக் கூட்டத்தில்தான் 'ஜன்னலோரம்' இருந்தது.

திரையில் முகம் காட்டாத கட்டம் அது. வாய் திறக்காது, கேள்வியை எழுதித்தான் அனுப்பும். ஆனால் தான் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்கிற ஒரே ஜீவன் அதுதான் என்று டீச்சருக்குத் தோன்றும். மற்றதுகள் கொட்டாவி விடும், இல்லாவிட்டால் பூனையைத் தூக்கிக் காட்டும். ஜன்னலோரம் மட்டும் இல்லாவிட்டால் என்றைக்கோ வெறுத்துப்போயிருப்பாள். அதைப் போய் எப்படி வெளியே தள்ளுவது?

அன்றைக்குப் பாடம், இரவும் பகலும். திரையில் பூமியை மெல்லச் சுழலவிட்டாள். பாதி வெளிச்சம், பாதி இருட்டு. அது மிதந்து மிதந்து சுற்றிய அழகில் புலிக்குட்டிகூடப் பூனையைக் கீழே விட்டுவிட்டான்.

"இந்தப் பக்கம் எல்லாரும் எழுந்துக்கறாங்க. அந்தப் பக்கம் தூங்கப் போறாங்க" என்றாள், தூக்கத்தில் பேசுகிறவள் மாதிரி மெதுவாக.

எப்போதும் அப்படித்தான் பேசுவாள். பிரெட் கம்பெனியில் ராத்திரி வேலை முடித்து வந்த கணவர் உள்ளே படுத்திருப்பார். பாட்டுக் கேட்டால்தான் தூக்கம் வரும் என்று காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு, கதவைச் சாத்திக்கொள்வார். அவர் வரும்போது இவளுக்கு வகுப்பு, இவள் படுக்கும்போது அவருக்கு வேலை. "வந்துட்டீங்களா? டிபன் மூடி வெச்சிருக்கேன்." "ம்." ஒரு நாளைக்கு இவ்வளவுதான் குடித்தனம். ஊர்ப் பிள்ளைகளிடம் வாய் ஓயாமல் பேசிவிட்டு, கட்டியவரிடம் பேச நேரமில்லையே என்று அவளுக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

'இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்க டீச்சர்' என்று எழுதியது ஜன்னலோரம்.

"முடியாதுப்பா. வீட்டுல ஆள் தூங்கறாங்க."

சற்றுப் பொறுத்து அடுத்த கேள்வி வந்தது. 'பகலும் ராத்திரியும் சந்திச்சுக்கவே சந்திச்சுக்காதா?'

அந்தக் கேள்வி அவளை என்னவோ செய்தது. பூமியை நிறுத்தினாள். வெளிச்சமும் இருட்டும் தொட்டுக்கொள்ளும் இடத்தைப் பெரிதாக்கிக் காட்டினாள்.

"இங்க சந்திக்கும், விடியறப்போ. ஆனா ரெண்டுக்கும் அவசரம். நின்னு ஒரு வார்த்தை பேசிக்காது."

"பாவம் டீச்சர்" என்றான் புலிக்குட்டி.

டீச்சர் பூமியை மூடிவைத்தாள்.

"ஜன்னலோரம், இன்னிக்கு நீ முகத்தைக் காட்டியே ஆகணும். இல்லேன்னா உன்னை எடுத்துடச் சொல்லியிருக்காங்க. எனக்கு மனசே இல்ல. நீ பள்ளிக்கூடமே போகாத பிள்ளையா இருந்தாலும் சரி, நானே பேசி உன்னைச் சேர்த்துக்கறேன்."

"எங்க அண்ணனா இருக்கும் டீச்சர், அவன்தான் இப்படிக் கிறுக்குத்தனமா கேள்வி கேப்பான்" என்றது அப்பா போன்.

"பேய் டீச்சர்" என்றது தூங்குமூஞ்சி.

'திட்டுவீங்களா?' என்று கேட்டது ஜன்னலோரம்.

"மாட்டேன்."

கறுப்புக் கட்டம் வெளுத்தது. முகம் வரவில்லை. யாரோ படுத்தவாக்கில் போனைப் பிடித்திருந்தார்கள் போல. கூரையில் ஒரு மின்விசிறி சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒரு இறக்கையில் மட்டும் நீலப் பெயிண்ட் தெறித்திருக்க, அந்த நீலம் சுற்றிச் சுற்றி வந்தது.

டீச்சர் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியதா, சிரித்தாளா என்று பிள்ளைகளுக்குப் புரியவில்லை.

"யார் வீடு டீச்சர் அது?"

அவள் எழுந்து போனாள். டீச்சரின் கட்டத்தில் காலி நாற்காலி மட்டும் மிச்சமிருந்தது.

ஜன்னலோரத்தின் கட்டத்தில் படம் ஆடி அசைந்து திரும்பியது. அங்கே சாத்தியிருந்த கதவைத் திறந்துகொண்டு டீச்சர் உள்ளே வந்தாள்.