கூட்டாளி விலை

“ஒரு கேக்கு மூணு ரூவா. அதுல காலணா குறையாது. வேணும்ணா எடுங்க, இல்லண்ணா ஜன்னலை விட்டு நகருங்க, வெளிச்சம் மறைக்குது!”

அடுக்களைக்குள்ளிருந்து வந்த அந்தக் குரலுக்கு, வெளியே நின்ற ரசலையன் ஓரடி நகர்ந்தார். ஓரடிதான். விலை படியாமல் அவர் இன்று போவதாக இல்லை.

போகவும் முடியாது. நேற்றுச் சாயாக்கடையில் ஞானையன், ததேயுஸ் உட்பட நான்கு கூட்டாளிகளின் முன்னால் அவர் அடித்த சவடால் அப்படி. “டீச்சர்ட்ட என் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. மூணு ரூவா கேக்கை ஒண்ணரைக்கு வாங்கித் தாரேன். அப்படி நடக்கலண்ணா என் பேரு ரசலையன் இல்ல!” வெறுங்கையோடு திரும்பினால், பொழுது சாய்வதற்குள் ஞானையன் இந்தக் கதையைத் திருவட்டாறு வரை கொண்டுபோய் விடுவார். ததேயுஸ் நடித்தே காட்டுவார்.

கிறிஸ்துமஸுக்கு இன்னும் நான்கே நாள். சத்தியபாய் டீச்சர் கேக் போடும் நாட்களில் மனுஷர் யாரும் அடுக்களைக்குள் கால் வைக்கக் கூடாது. கீழேயும் மேலேயும் தணல் போட்ட பானைக்குள் உப்பி நிற்கும் கேக், ஒரு தும்மலுக்கு உட்கார்ந்துவிடுமாம். போன வருஷம் ஜெபம் பண்ண வந்த போதகரையே ஜன்னலுக்கு வெளியே நிறுத்தி ஆமென் சொல்ல வைத்தவர். வாசனை மட்டும்தான் அவர் சொல்லுக்குக் கட்டுப்படாது. அது கோட்டாறு சந்தை வரை போய், மிளகாய் மூட்டை சுமந்தவர்களை மூட்டையை இறக்கிவைத்து மூச்சு இழுக்க வைத்தது.

“டீச்சர் மனசு வச்சா முடியாததா?” என்று குழைந்தார் ரசலையன். ஊரே டீச்சர் என்றுதான் கூப்பிடும், அவரும் அப்படித்தான். “நாலு கேக்கு. ஒண்ணு ஒண்ணரை ரூவா. நம்ம கூட்டாளிமாருக்குத்தானே?”

“கூட்டாளிக்குண்ணா கோழி பாதி முட்டையா போடுது? சீனிக்காரன் பாதிக் காசா வாங்குதான்? மாவு அடிச்சு அடிச்சு என் கையி வீங்கிப்போச்சு. இங்க பாருங்க, பாதிக் கையா வீங்கிருக்கு?”

“இருபது வருசப் பழக்கம் டீச்சர்...”

“பழக்கத்தை மாவுல கலந்தா கேக்கு பொங்குமா?”

ரசலையன் வேறு பக்கமாக வந்தார். “இந்த வீட்டுக் கிணத்துல வாளி விழுந்தப்ப எறங்குனது யாரு?”

“எறங்குனிய. உங்கள வெளியே தூக்க ஆறு பேரு வந்தாவ. ஆறு பேருக்கும் சாயா போட்டது நான்.”

“மகாராசாவோட சக்கரக் காசு ஓடுன காலத்துல இதே கேக்கு முப்பது சக்கரம்தானே?”

“அப்ப சக்கரத்தை எடுத்துட்டு மகாராசாகிட்டயே போய்க் கேக்கு வாங்குங்க!”

பானை மூடியில் தணலைச் சரிசெய்துவிட்டு டீச்சர் ஜன்னலருகே வந்தார்.

“போன வருசம் கூட்டாளி விலைக்குத்தான் குடுத்தேன். ஊர்ல பாதிப் பேரு எனக்குக் கூட்டாளிண்ணு அப்பத்தான் தெரிஞ்சுது. கருங்கல் ஊர்ல இருந்து ஒருத்தி வந்தா. என்கூட ஒரே பெஞ்சுல படிச்சவளாம். நான் படிச்ச வருசம் அவ பொறக்கவே இல்ல! கடைசியில எனக்குண்ணு மிஞ்சுனது அடிப்பிடிச்ச பானைதான். நெசமான கூட்டாளிண்ணா என்ன செய்யணும் தெரியுமா? பாவம், இவ கஷ்டப்படுதாளேண்ணு ஒரு ரூவா கூடக் குடுக்கணும்!”

“அப்ப கொஞ்சம் சின்னதா...?”

“சின்னதுக்குச் சின்ன விலை. அதுல பாதிண்ணு கேக்கதுக்கும் நீங்கதானே வருவிய?”

ரசலையன் குனிந்து தன் செருப்பைப் பார்த்தார். தைத்துத் தைத்து, தையல்தான் செருப்பாக மிஞ்சியிருந்தது. புதுச் செருப்புக்காகச் சேர்த்த பன்னிரண்டு ரூபாய் மடியில் இருந்தது. செருப்பு போனால் நடக்கலாம். பேர் போனால் சாயாக்கடைப் பக்கம் தலைகாட்ட முடியுமா?

மடியை அவிழ்த்து ஜன்னல் வழியே நீட்டினார்.

டீச்சர் இரண்டு தரம் எண்ணினார். “பணம் உங்க கூட்டாளிமாரு குடுத்ததுதானே?”

“பின்னே? வேற யாரு குடுப்பா?”

“பாத்தியளா, முழு விலையும் குடுத்ததும் மூஞ்சி எவ்வளவு கௌரவமா இருக்கு! எங்கிட்ட எல்லாருக்கும் ஒரே விலைண்ணு அவியகிட்டச் சொல்லுங்க.”

“சொல்லுதேன், சொல்லுதேன்.”

காகிதத்தில் பொதிந்து வாழைநாரால் கட்டிய நான்கு பொட்டலங்களோடு ரசலையன் சாயாக்கடைக்குள் நுழைந்தபோது, நால்வரும் எழுந்தே நின்றுவிட்டார்கள்.

“எவ்வளவுவே?”

“சொன்னது சொன்னதுதான். ஒண்ணரை!”

பொட்டலத்தை முகர்ந்து மூடிய கண்ணைத் ததேயுஸ் திறக்க வெகுநேரம் ஆனது. ஞானையனுக்கு மட்டும் நம்பிக்கை வரவில்லை.

“ஓய், என் வீட்டுக்காரி கோயில் பாட்டுக் குழுவுல டீச்சர்கூட நிண்ணு பாடுகவ. அவ கேட்டே காலணா குறைக்கலியே! உமக்கு மட்டும் எப்படிவே?”

ஆளுக்கு ஒன்றரையாக ஆறு ரூபாயை வாங்கி மடியில் முடிந்துகொண்டு, நெஞ்சை நிமிர்த்தினார் ரசலையன். “ஊரான் கேட்டா அவ எதுக்குவே குறைக்கணும்? கட்டுன புருசன் கேட்டா தட்ட முடியுமா?”