ஜமீன் மேல் பூசிய சுண்ணாம்பு

போடிமெட்டுக்குக் கீழே, ஏலத்தோட்டத்து ஸ்டோர் வாசலில் மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. ஏலக்காய் பொறுக்கும் கற்பகம், வெதுவெதுப்பான தண்ணீர் வாளியோடு குந்தியிருக்கிறாள். எதிரே, முதலாளி சீமையிலிருந்து இறக்கிய சசெக்ஸ் ஸ்பானியல் நாய். பெயர் ஜமீன். குட்டைக் கால், பொன்பழுப்பு ரோமம், ஊர் வழக்கையெல்லாம் தானே தீர்க்க வேண்டியது போல நெற்றிச் சுருக்கம். உலகத்திலேயே அபூர்வமான சாதியாம். அது வந்திறங்கிய சேதி கேட்டதும் ரத்தம் குடிக்கும் கேரளத்து அட்டைகளெல்லாம் எல்லை தாண்டி வந்துவிட்டன. சோதனைச் சாவடியில் ஒன்றைக்கூட நிறுத்தவில்லை. அதற்கு வைத்தியமாக, தோட்டத்தில் இறங்குகிறவர்கள் காலில் பூசும் புகையிலைச் சுண்ணாம்பை, ஜீப் ஓட்டுகிற சுருளிவேல் நாயின் வயிறு முழுக்க அப்பியிருக்கிறான்.

"நாங்க பூசலையா ஆத்தா? எங்களுக்கு என்ன ஆச்சு?" என்கிறான் அவன்.

"நீங்க ஒங்க வயித்த நக்குவீங்களாண்ணே?" கற்பகத்துக்கு மூக்கு விடைக்கிறது. "இது நக்கும். புகையில உள்ள போனா உசிரு போயிரும். ரோமத்த விலக்கி அட்டைய ஒண்ணொண்ணா நான் எடுக்குறேன்ல, ஒங்களுக்கு என்ன சோலி?"

ஜமீனின் காதுக்குள் தண்ணீர் போகாமல், தொங்கும் காது இரண்டையும் தன் கொண்டைக் கிளிப்பால் உச்சியில் சேர்த்து மாட்டியிருக்கிறாள். கடைசி வாளியையும் ஊற்றிச் சுண்ணாம்பைக் கழுவிவிட்டு, அதன் வாயைத் திறந்து நாக்கை முகர்ந்து பார்க்கிறாள். புகையிலை வாடை இல்லை. அவள் பிடி தளர்ந்ததும், ஜமீன் எல்லாவற்றையும் மன்னித்த தோரணையில் சுருளிவேலிடம் போகிறது. அவன் நெகிழ்ந்துபோய்க் கையை நீட்டுகிறான். அது நாக்கை நீட்டுகிறது. சுண்ணாம்பு பூசிய கையை அவன் இன்னும் கழுவவில்லை. அந்த மணிக்கட்டில், கற்பகத்தின் அடி பளீரென்று விழுகிறது.