மூடியில் எரிந்த எண்

மறுசுழற்சிக் குப்பையை வாரம் ஒருமுறை எடுத்தால் போதாது, தினமும் எடுக்க வேண்டும் என்று வார்டு கூட்டத்தில் விடாமல் கேட்டவள் நளாயினிதான். தினமும் எடுக்கத் தொடங்கியதும் வாசலுக்குப் புதுத் தொட்டிகள் வந்தன; அவற்றின் மூடியில் விளக்குபோல ஓர் எண் எரிந்தது. விழும் குப்பையை வைத்து, வீட்டில் எத்தனை பேர் என்று தொட்டியே சொல்லிவிடும். நளாயினி வீட்டுக்கு இரண்டு, அவளும் கணவரும்.

அடிக்கிற புருஷனிடமிருந்து தப்பி வந்த தங்கை வினோதா பின்னறையில் ஒளிந்திருந்தாள். எண் ஏறிவிடக் கூடாதென்று தன் பிஸ்கட் உறை, மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கட்டிலுக்கடியில் வைத்திருந்தாள்.

வீடு பெருக்கும்போது நளாயினி அதைப் பார்த்தாள். வீட்டுக்குள் குப்பை கிடந்தால் அவளுக்குப் பொறுக்காது. தரம் பிரித்து, தொட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

மறுநாள் வினோதாவின் கணவன் வாசலில் நின்றான்.

"அவ இங்க வரல தம்பி," என்றாள் நளாயினி.

அவன் மூடியைத் தட்டிக் காட்டினான். "அப்ப மூணாவது ஆள் யாரு அண்ணி?"

பேச்சுக் குரல் கேட்டு வினோதாவே வெளியே வந்தாள். கையில் அந்தக் காலிப் பை. புருஷனை அவள் பார்க்கவே இல்லை.

"இவருக்கு மட்டும் தெரியாம ஒளிஞ்சா போதும்னு நெனச்சுட்டேன்க்கா."