நெற்றிக்காசு

"சேத்த காசையெல்லாம் யாருக்குப்பா குடுக்கப் போறோம்?" என்று ஆறு வயதில் ஒருநாள் அமுதினி கேட்டாள்.

"யாருக்கும் இல்லடி தங்கம். குடுத்தா ஆல்பத்துல ஓட்டை விழுந்துரும்" என்று சிரித்தான் பூவராகன். நாட்டில் நாணயப் புழக்கம் நின்றுபோய் வெகுகாலமாகியும், மகளின் ஆசைக்காகத் தேடித் தேடிப் பதினொரு காசு சேர்த்துக் கொடுத்தவன் அவன்.

அடுத்த ஆண்டே காய்ச்சல் அவளைக் கொண்டுபோயிற்று. வழக்கப்படி நெற்றியில் வைக்க அந்த ஆல்பத்திலிருந்து ஒரு காசை எடுக்க அவனுக்குக் கை வரவில்லை. எதிர்வீட்டு வேதவல்லிதான், சாமிக்கென்று மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்த தன் ஒரே காசை அவிழ்த்து வந்தாள். "பிள்ளை சேத்தது கொறைய வேணாம் தம்பி. சாமி கோவிச்சுக்காது."

இன்று வேதவல்லியின் கணவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். தெரு முழுக்கக் கேட்டும் ஒரு காசு கிடைக்கவில்லை; பூவராகனிடம் மட்டும் கேட்க வேதவல்லி விடவில்லை. "போன்ல அனுப்புனா நெத்தியில ஒட்டவா போகுது?" என்று யாரோ முணுமுணுத்தார். "வெறும் நெத்தியோட அனுப்புறேனே" என்று அவள் அழுதாள்.

பூவராகன் வீட்டுக்குப் போய் ஆல்பத்தைத் திறந்தான். அமுதினி தினமும் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கிய காசை உருவி எடுத்தான். வண்டி வந்த சத்தம் கேட்டு எல்லோரும் வாசலுக்குப் போன நேரத்தில், உள்ளே நுழைந்து அதை அந்த நெற்றியில் வைத்தான்.

"இவருக்குத்தான்டி தங்கம்" என்று மெல்லச் சொல்லிவிட்டு, கொல்லை வழியாக வெளியேறினான்.