மல்லிகைத் தும்மல்

"தும்மிக்கிட்டே அதைத் தூக்கி மடியில வைக்கிறீங்களே!" முனீஸ்வரி பொருமினாள்.

நாய்க்குட்டி வந்து பத்து நாளாகிறது. அவள் கணவன் சிவபாண்டி, தினமும் அலர்ஜி மாத்திரை போட்டுக்கொண்டு அதைக் கொஞ்சினான்.

"மல்லிப்பூ வாசத்துக்குத் தும்மல் வருதுன்னீங்க. மதுரைக்காரி தலையில மூணு வருஷமா பூ இல்ல. எனக்காக ஒரு மாத்திரை போட்டீங்களா?"

மறுநாள் அவளே அவனை டாக்டரிடம் இழுத்துப் போனாள். மல்லிகையையும் சேர்த்துச் சோதிக்கச் சொன்னாள்.

"நாய்தான் இவருக்கு ஒத்துக்கல. மல்லிகையால ஒண்ணுமில்ல" என்றார் டாக்டர்.

வெளியே வந்ததும் வழிமறித்தாள். "அப்ப ஏன் பொய் சொன்னீங்க?"

சிவபாண்டி தரையைப் பார்த்தான்.

"கோச்சடை பஸ் ஸ்டாப் பூக்காரன், உனக்கு மட்டும் ஒரு முழம் கூடக் கொடுப்பான். அதுவும் சிரிச்சுக்கிட்டே."