மாற்று ஆள்

“ஒரு நாள் பூரா ஆளைக் காணோம்னா நான்…”

“லீவு சொல்லிட்டுத்தானே ஐயா போனேன்…”

“எப்போ சொன்னே?”

“செவ்வாய்க்கிழமை. போனைக் காதுல வச்சுக்கிட்டே, ‘போ, அக்கா வந்து அம்மாவைப் பார்த்துப்பா’ன்னு தலையை ஆட்டினீங்களே!”

“அக்கா கையை விரிச்சுட்டா! ஏஜென்சிக்குப் போன் போட்டா, ‘ஒருத்தரும் இல்லை சார், எல்லாரும் சட்டசபைக்குப் போயிட்டாங்க’ங்கறான்!”

பராமரிப்புப் பணியாளர்களுக்கு நியாயமான சம்பளம் தரச்சொல்லும் மசோதா அன்று ஓட்டெடுப்புக்கு வந்தது. அதற்குத்தான், ஐயாவின் அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் அவளும் போயிருந்தாள். சட்டசபை வாசலில் கோஷம் போட்டுக் கட்டிப்போன தொண்டையோடு, பெரியம்மாவின் போர்வையை விலக்கிப் பார்த்தாள். டயபர் முன்பின்னாக மாறிக் கிடந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“பெத்த தாய்க்கு இப்படியா கட்டுவீங்க?”

“எனக்கென்ன தெரியும்? நாலு தடவை மாத்தினேன். தூக்கித் திருப்பி இடுப்பே விட்டுப்போச்சு. ஊட்டினா மூஞ்சியிலயே துப்புறாங்க. அம்மாடி! இந்த வேலைக்கு எவ்வளவு அள்ளிக் குடுத்தாலும் தகும்!”

அவள் டயபரைச் சரியாகக் கட்டி, பெரியம்மாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“இதையே சபையில சொல்லி எங்களுக்காகக் கை தூக்குவீங்கன்னுதான், பார்வையாளர் மாடத்துல உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருந்தேன். ஒரே ஒரு ஓட்டு குறைஞ்சு சட்டம் தோத்துப்போச்சு. சபையில காலியா கிடந்தது உங்க நாற்காலி மட்டும்தான் ஐயா.”