முதல் பாட்டில்

"லாரி கிளம்பக் கூடாது சார்! அந்த இருமல் மருந்து விஷம்!"

சோதனைக்கூடத் தலைவி கதவைத் தள்ளிக்கொண்டு வந்த வேகத்தில் மேஜைக் காகிதங்கள் பறந்தன.

புது மேனேஜர் நாற்காலியில் சாய்ந்தார். "மெதுவாம்மா. கூரை இடிஞ்சு விழுந்துடப் போகுது."

"பெயின்ட் பிரிவு டிரம்ல இருந்து கரைப்பானை எடுத்து சிரப்புல ஊத்தியிருக்காங்க. குழந்தைங்க குடிச்சா சிறுநீரகமே போயிடும்!"

"பெயின்ட் பிரிவும் நம்ம கம்பெனிதானே? அப்பன் வீட்டுச் சரக்குக்குச் சோதனை எதுக்கு?"

அவளுக்கு உச்சந்தலை எரிந்தது. பெயின்ட் பிரிவில் இருபது வருஷம் குப்பை கொட்டிவிட்டு, போன மாதம்தான் இங்கே மேனேஜராக வந்தவர். மருந்துப் பிரிவின் சரித்திரம் இவருக்கு என்ன தெரியும்? பெயின்ட் கிடங்கின் மூலையில் இதைத் தொடங்கிய பெரியவர், ஓய்வு பெறும்போது இரண்டு வழக்கங்களை விட்டுச்சென்றார். தயாரிக்கும் மருந்தின் முதல் பாட்டிலில் ஒரு வாய், பிரிவின் மேனேஜர் எல்லோர் முன்னாலும் குடிக்க வேண்டும். இன்னொன்று...

"இந்தச் சரக்கு போகலைன்னா என் நாற்காலி போயிடும்!" மேனேஜர் கத்தினார்.

"அப்ப குடிங்க. பெரியவர் குடிச்ச மாதிரி."

அவர் முகம் ஒரு நொடி சுருங்கி, மலர்ந்தது. "ஒரு வாய் என்ன, முழு பாட்டிலையும் குடிக்கிறேன். எல்லாரையும் வாசலுக்கு வரச் சொல்லு. பாட்டிலோட நான் வர்றேன்."

லாரியின் பக்கத்தில் கூட்டம் கூடியது. மேனேஜர் மூடியைத் திருகி, மடமடவென்று குடித்து, மீசையைத் துடைத்துக்கொண்டார். கைதட்டல். லாரி உறுமத் தொடங்கியது.

"அடப்பாவி மனுஷா..." அவள் பற்களைக் கடித்தாள்.

அவர் அவள் காதருகே குனிந்தார். "பதறாதே. உன் விஷத்தைக் குடிக்க நான் என்ன கேனையனா? பெரியவர் என் ரூம் அலமாரியில பத்திரமா பூட்டி வச்சிருந்தாரே, அந்த நல்ல சரக்கு இது. லேபிள் ஒண்ணுதானே, எவனுக்குத் தெரியும்?"

அவள் காவல்காரரை நோக்கிக் கத்தினாள். "அண்ணே, கேட்டை மூடுங்க! லாரி போகக் கூடாது! ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்க!"

"ஆம்புலன்ஸா? யாருக்கு?" மேனேஜர் சிரித்தார்.

"உங்களுக்குத்தான் சார். நாங்க தடுத்து நிறுத்தின விஷத்துல ஒரு பாட்டிலை, மறந்துடக் கூடாதுன்னு பெரியவர் அந்த அலமாரியில பூட்டி வைப்பார். இப்ப நீங்க குடிச்சது, போன வருஷம் இதே மாதிரி பெயின்ட் டிரம்ல இருந்து வந்தது!"